மண் செய்த வேலை

என் அம்மா முப்பது ஆண்டுகளுக்கும் மேலாகப் பால்மரம் வெட்டியவர். கெடா மாநிலத்தில், புக்கிட் செலம்பாவ் பட்டணத்தை ஒட்டிய ஒரு ரப்பர்த் தோட்டத்தில்தான் நான் பிறந்து வளர்ந்தேன். எங்கள் லயத்து வீட்டின் பின்புறம் நின்று பார்த்தால் தூரத்தில் ஜெராய் மலை தெரியும். மலைக்கும் எங்கள் வீட்டுக்கும் நடுவில் என்னென்ன இருந்தன என்பது இப்போது சரியாக நினைவில் இல்லை. ஆனால், வீட்டுக்கும் வேலிக்கும் நடுவில் இருந்தவை எல்லாம் ஒன்றுவிடாமல் நினைவிருக்கின்றன. முளைக்கீரைப் பாத்தி, அதன் ஓரத்தில் செராய்ப் புதர், கத்தரிச் செடிகள், கற்பூரவள்ளி, வேலி மேல் படர்ந்த அவரை, மூலையில் ஒரு கறிவேப்பிலை மரம்.

விடியற்காலையில் நெற்றி விளக்கோடு வேலைக்குப் போகும் அம்மா, பாலை நிறுத்துக் கொடுத்துவிட்டு மதியம் வீடு திரும்புவார். சாப்பிட்டு முடித்தவுடன் படுக்க மாட்டார். மண்வெட்டியை எடுத்துக்கொண்டு பின்புறம் போய்விடுவார். "காலையில செய்யறது தோட்டத்துக்காரனுக்கு. இது எனக்கு" என்பார். அந்தப் பாத்தியில் விளைந்த கீரையை வேலிக்கு மேலே நீட்டினால், பக்கத்து வீட்டிலிருந்து ஒரு கிண்ணம் சாம்பாரோ இரண்டு மரவள்ளிக் கிழங்கோ திரும்பி வரும்.

பின்னாளில் தோட்டம் வீடமைப்புக்காக விற்கப்பட்டது. லயங்கள் ஒவ்வொன்றாகக் காலியாயின. அப்பா அதற்கு முன்பே காலமாகிவிட்டார். அம்மா என் தம்பியோடு சுங்கை பட்டாணியில் ஓர் அடுக்குமாடி வீட்டின் மூன்றாவது மாடிக்குக் குடிபோனார். வீட்டில் இருபத்து நான்கு மணி நேரமும் தண்ணீர், மின்சாரம்; மழையில் ஒழுகாத கூரை. நாங்கள் பிள்ளைகள் எல்லாரும் மகிழ்ந்தோம். அம்மா மட்டும் கறிவேப்பிலை மரத்தின் அடியில் முளைத்திருந்த ஒரு கன்றை வேரோடும் மண்ணோடும் தோண்டி, ஒரு பழைய பெயிண்ட் வாளியில் வைத்து மூன்று மாடி தூக்கிக்கொண்டு வந்தார்.

அந்த வாளி வெகுநாள் அங்கே இருக்கவில்லை. ஒவ்வொரு முறை தண்ணீர் ஊற்றும்போதும் செம்மண் நீர் கசிந்து, கீழ்மாடியில் காயப்போட்ட துணிகளின்மேல் சொட்டியது. இரண்டு முறை கீழ்வீட்டார் வந்து சொன்னார்கள். கோபமாகச் சொல்லவில்லை, ஆனால், அம்மாவுக்கு அது பெரிய தலைகுனிவாக இருந்தது. கன்றை ஒரு கோவில் வளாகத்தில் நட்டுவிட்டு வெறும் வாளியோடு திரும்பினார். அதன்பிறகு அவர் பேச்சு குறைந்துபோனதைத் தம்பி தொலைபேசியில் என்னிடம் சொன்னான்.

நான் புத்ராஜெயாவில் பாடத்திட்டப் பணியில் இருப்பவள். பல ஆண்டுகள் ஆசிரியராக இருந்து, கல்வியியலில் முதுகலைப் பட்டம் பெற்று, அந்தப் பணிக்கு வந்தேன். எந்தச் சிக்கலுக்கும் ஒரு செயல்திட்டம் எழுதிவிட முடியும் என்ற எண்ணம் என்னைப்போன்றவர்களுக்கு எளிதில் வந்துவிடும். அம்மாவின் சிக்கலுக்கும் எனக்கு ஒரு விடை கிடைத்தது. கடையொன்றில் சிறு பொட்டலங்களில் நீர்ப்படிகங்கள் விற்றார்கள். 'மண் வேண்டாம், தண்ணீர் ஊற்றினால் போதும்' என்று பொட்டலத்தின்மேல் அச்சிட்டிருந்தது. மண் இல்லையென்றால் கசிவு இல்லை. மூன்று மாடி தூக்கவேண்டிய சுமையும் இல்லை. ஆறு பொட்டலங்கள் வாங்கிக்கொண்டு வடக்கே பேருந்து ஏறினேன்.

பொட்டலத்தைப் பிரித்து ஒரு தேக்கரண்டிப் படிகத்தை அம்மாவின் உள்ளங்கையில் கொட்டினேன்.

"என்ன பாப்பா இது, ஜவ்வரிசியா? பாயசத்துக்கா கொண்டாந்தே?" என்று கேட்டார்.

"தண்ணியில போட்டுட்டு நாளைக்கு வந்து பாருங்கம்மா" என்றேன்.

மறுநாள் காலையில், ஒரு தேக்கரண்டிப் படிகம் ஏறத்தாழ அரை லிட்டர்ப் பாத்திரத்தை நிறைத்திருந்தது. கண்ணாடித் துண்டுகள்போலத் தெளிவாக, தொட்டால் வழுக்கி ஓடியது. எஞ்சிய தண்ணீரை வடிகட்டியபோது பாத்திரத்தில் ஈரம் தெரிந்ததே தவிர, ஒரு சொட்டுகூடச் சிந்தவில்லை. அம்மா ஒன்றை எடுத்து விரல்களுக்கு நடுவில் நசுக்கிப் பார்த்தார்.

"ஒறைஞ்ச பால் மாதிரி இருக்கு" என்றார்.

அம்மா சொன்னது எவ்வளவு பொருத்தமானது என்பது எனக்குப் பிறகுதான் விளங்கியது. ரப்பர்ப் பாலில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு ரப்பர். மீதி பெரும்பாலும் நீர். பார்மிக் அமிலம் சேர்த்தால் பால் உறைந்து கட்டியாகிறது. அந்த ரப்பர் ஒரு பாலிமர். அதாவது, ஒரே வகையான சிறு மூலக்கூறுகள் ஆயிரக்கணக்கில் கைகோத்து நிற்கும் நீண்ட சங்கிலி. நீர்ப்படிகமும் பாலிமர்தான். ரப்பர்ச் சங்கிலி நீரை ஒதுக்கும். இந்தச் சங்கிலி நீரை விரும்பும். நீர் பட்டதும் சங்கிலியில் உள்ள எதிர்மின்னூட்டப் பகுதிகள் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு விரிகின்றன. விரிந்த இடத்திற்குள் நீர் புகுகிறது. சங்கிலிகளை இடையிடையே முடிச்சுப் போட்டதுபோல் குறுக்கே பிணைத்திருப்பதால், அவை நீரில் கரைந்து போவதில்லை. 1839ஆம் ஆண்டு சார்ல்ஸ் குட்இயர் ரப்பரைக் கந்தகத்தோடு சேர்த்துச் சூடாக்கியபோது ரப்பர்ச் சங்கிலிகளுக்கு இடையே ஏற்பட்டதும் இப்படிப்பட்ட குறுக்குப் பிணைப்புத்தான். நான் பாலிமரைப் பாடநூலில் படித்தவள். அம்மா முப்பது ஆண்டுகள் அதை வாளியில் சுமந்தவர்.

இவ்வளவு நீரை உறிஞ்சும் பொருள் எங்கிருந்து வந்தது? 1970ஆம் ஆண்டுகளில் அமெரிக்காவின் பியோரியா நகரில் உள்ள வேளாண் துறை ஆய்வுக்கூடத்தில், மக்காச்சோள மாவோடு வேறொரு வேதிப்பொருளைப் பிணைத்துத் தன் எடையைப்போல் பல நூறு மடங்கு நீரைப் பிடிக்கும் பொருளை உருவாக்கினார்கள். இன்று குழந்தைகளுக்கான அணையாடைகளில் இருப்பதும் இதே குடும்பத்தைச் சேர்ந்த பொருள்தான். ஆனால், அணையாடையில் இருப்பது பெரும்பாலும் சோடியம் சேர்ந்தது. சோடியம் மிகுந்தால் செடிக்குக் கேடு. அதனால் தோட்டப் பயன்பாட்டுக்குப் பொட்டாசியம் சேர்ந்த வகையையே பெரும்பாலும் விற்கிறார்கள்.

அம்மாவும் நானும் மூன்று கண்ணாடிக் குவளைகளில் படிகத்தை நிரப்பினோம். இரண்டில் முளைக்கீரை விதை தூவினோம். மூன்றாவதில் பச்சைப்பயறு இட்டோம். பச்சைப்பயற்றுக்கு வேறொரு காரணமும் இருந்தது. அப்போது நான் ஓர் அறிவியல் நடவடிக்கைத் தாளை எழுதிக்கொண்டிருந்தேன். மண் இல்லாமல் நீர்ப்படிகத்தில் பயறு வளர்வதை மாணவர்கள் பத்து நாள்களுக்குக் கவனித்துக் குறிப்பெடுக்க வேண்டும். 'செடி வளர மண் தேவையில்லை. நீரும் ஒளியும் காற்றும் போதும்' என்பதே அவர்கள் வந்தடைய வேண்டிய முடிவு. வரைவு ஏறக்குறைய முடிந்திருந்தது.

பத்தாம் நாள் அம்மாவிடமிருந்து அழைப்பு வந்தது. பயறு ஒரு சாண் உயரம் வளர்ந்துவிட்டதாம், கீரையும் முளைவிட்டிருக்கிறதாம். அவர் குரலில் பழைய தெம்பு கேட்டது. "கண்ணாடிக்குள்ள வேர் ஓடறது தெரியுது பாப்பா. மண்ணுல இருந்தா இதப் பார்த்திருக்க முடியுமா?" என்றார். நான் வரைவில் கடைசி வரியை எழுதிக் கோப்பை மூடினேன்.

நான்கு வாரம் கழித்து நேரில் போனபோது, சன்னலோரத்தில் மூன்று குவளைகளும் இருந்தன. பயறு நூல்போல் மெலிந்து சாய்ந்திருந்தது. இலைகள் வெளிறி மஞ்சளாகியிருந்தன. கீரை இரண்டு விரற்கடை உயரத்தோடு நின்றுவிட்டது. குவளையின் உட்புறம் பச்சைப் பாசி படிந்திருந்தது. அடியில் இருந்த வேர்கள் பழுப்பு நிறமாகி, மூடியைத் திறந்தால் அழுகல் வாடை வீசியது.

"தண்ணி ஊத்தலையாம்மா?" என்று கேட்டேன். கேட்டவுடனேயே அது தவறான கேள்வி என்று தெரிந்துவிட்டது.

"தண்ணிக்கு ஒண்ணும் குறையில்ல. அதுக்குப் பசி. வெறும் தண்ணியக் குடிச்சா யாருக்குப் பசி ஆறும்? மொதப் பத்து நாள் பயறு தன் பருப்பையே தின்னு வளர்ந்துச்சு. அது தீர்ந்துபோச்சு" என்றார் அம்மா. சிறிது நேரம் குவளையைப் பார்த்துக்கொண்டிருந்தவர், "எங்களையும் இப்படித்தான் கொண்டாந்து வச்சீங்க. தண்ணி இருக்கு, வெளிச்சம் இருக்கு" என்றார்.

அவர் அதைக் குறையாகச் சொல்லவில்லை. செடியைப் பற்றிச் சொன்ன அதே குரலில்தான் சொன்னார். எனக்குப் பதில் வரவில்லை.

அன்றிரவு, நான் படித்து மறந்திருந்த சில செய்திகளை மீண்டும் தேடிப் படித்தேன். அம்மா சன்னலோரத்தில் கண்டுபிடித்ததைக் கண்டுபிடிக்க அறிவியல் உலகத்திற்கு நெடுங்காலம் ஆகியிருக்கிறது.

யான் பாப்டிஸ்டா வான் ஹெல்மாண்ட் என்பவர் பெல்ஜியப் பகுதியைச் சேர்ந்த அறிஞர். அவர் 200 பவுண்டு உலர்ந்த மண்ணைத் தொட்டியில் இட்டு, 5 பவுண்டு எடையுள்ள ஒரு வில்லோ மரக்கன்றை நட்டார். ஐந்தாண்டுகள் நீர் மட்டும் ஊற்றினார். மரம் 169 பவுண்டுக்கு வளர்ந்தது; மண்ணில் குறைந்ததோ ஏறத்தாழ 2 அவுன்சு மட்டுமே. எனவே, மரம் முழுவதும் நீரிலிருந்தே உண்டானது என்று அவர் முடிவு செய்தார். அவர் இறந்தபின் 1648இல் வெளிவந்த நூலில் இந்தச் சோதனை இடம்பெற்றது. மரத்தின் உடலில் பெரும்பகுதி காற்றிலுள்ள கரியமில வாயுவிலிருந்து வந்தது என்பது அவருக்குத் தெரியாது. காணாமற்போன அந்த 2 அவுன்சு மண்ணையும் அவர் பொருட்படுத்தவில்லை.

1699இல் ஜான் உட்வர்ட் என்ற ஆங்கிலேயர் தம்முடைய சோதனையை வெளியிட்டார். அவர் புதினாச் செடிகளை மழைநீர், தேம்ஸ் ஆற்றுநீர், தோட்டத்து மண் கலக்கிய நீர் எனப் பலவகை நீரில் வளர்த்தார். மழைநீரில் வளர்ந்தது மிகக் குறைவு. மண் கலந்த நீரில் வளர்ந்தது மிகுதி. தெளிந்த நீரைவிடக் கலங்கிய நீரே செடிக்கு உணவாயிற்று. பிறகு, 1860ஆம் ஆண்டு வாக்கில் ஜெர்மனியின் சாக்ஸ், நோப் என்ற இரு அறிஞர்கள் அந்தக் கலங்கலில் இருக்கும் சத்துகள் எவை என்று ஆராய்ந்து, அவற்றை நீரில் கரைத்தே செடிகளை வளர்த்துக் காட்டினர். செடிக்கு இன்றியமையாதவை 17 தனிமங்கள் என்று இன்று நாம் அறிவோம். அவற்றுள் கரிமம், ஹைட்ரஜன், ஆக்சிஜன் மூன்றும் காற்றிலிருந்தும் நீரிலிருந்தும் கிடைக்கும். மற்ற 14ஐயும் வேர்தான் தேடி எடுக்க வேண்டும். ஹெல்மாண்ட் பொருட்படுத்தாத 2 அவுன்சு அதுதான்.

1937இல் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் வில்லியம் கெரிக்கி, மண்ணில்லா வேளாண்மைக்கு 'ஹைட்ரோபோனிக்ஸ்' என்ற பெயரைப் பரப்பினார். கிரேக்க மொழியில் அதற்கு 'நீரின் உழைப்பு' என்று பொருள் கொள்ளலாம். ஆசியாவிலும் இது புதிதல்ல. 1946இல் வங்காளத்தின் காலிம்பொங் பகுதியில் ஷோல்டோ டக்ளஸ் என்பவர் எளிய மக்களும் செய்யக்கூடிய மண்ணில்லா வேளாண் முறையை வகுக்கத் தொடங்கினார். நம் நாட்டில் தேங்காய் நார்த்தூள் நிரப்பிய பைகளில் சொட்டுக் குழாய் வழியாக உரநீர் பாய்ச்சி மிளகாய் வளர்ப்பதைப் பலரும் பார்த்திருப்பீர்கள். அதுவும் மண்ணில்லா வேளாண்மையே. இவற்றில் எதிலும் வெறும் நீரை நம்பி யாரும் செடி வளர்க்கவில்லை. மண் செய்த வேலைகளை ஒவ்வொன்றாக எண்ணி, ஒவ்வொன்றுக்கும் மாற்று ஏற்பாடு செய்திருக்கிறார்கள்.

மறுநாள் காலை அம்மாவும் நானும் மேசையில் உட்கார்ந்தோம். என் மகனிடம் ஒரு தாளைக் கொடுத்து, பாட்டி சொல்வதை எழுதச் சொன்னேன். மண் என்னென்ன வேலை செய்கிறது?

"தண்ணியப் பிடிச்சு வைக்கும். சாப்பாடு கொடுக்கும். சாயாமத் தாங்கும். வேருக்கு மூச்சு விட இடம் கொடுக்கும். வெயில் படாம வேர மறைக்கும்" என்று அம்மா விரல்விட்டு எண்ணினார். ஐந்து வேலைகள். நாங்கள் கொண்டுவந்த படிகம் அவற்றுள் ஒன்றைத்தான் செய்தது. மற்ற நான்கையும் யாரும் செய்யவில்லை. உணவில்லாததால் செடி வெளிறியது. கண்ணாடி வழியே ஒளி புகுந்ததால் பாசி படர்ந்தது. குவளை முழுக்க ஈரமே நிறைந்து காற்றுக்கு இடமில்லாததால் வேர் அழுகியது.

உணவுக்கு வழி எளிது என்று நினைத்தேன். கடையில் 'ஏ', 'பி' என்று இரண்டு புட்டிகளாக விற்கும் திரவ உரத்தை வாங்கி வந்தேன். கால்சியத்தையும் பாஸ்பேட், சல்பேட் உப்புகளையும் அடர்த்தியாக ஒன்றாகக் கலந்தால் அவை படிந்துவிடும். அதனால்தான் இரண்டு புட்டிகள். அளவாக நீரில் கலந்து, அந்த உரநீரிலேயே புதுப் படிகங்களை ஊறவைத்தேன். மறுநாள் பார்த்தால், படிகம் முன்பு ஊறிய அளவில் பாதிகூட ஊறவில்லை.

ஏன் என்று நான் யோசித்துக்கொண்டிருக்கும்போதே அம்மா மூன்று குவளைகளை எடுத்தார். ஒன்றில் மழைநீர், ஒன்றில் குழாய்நீர், ஒன்றில் உப்புநீர். ஒவ்வொன்றிலும் அதே தேக்கரண்டியால் அதே அளவு படிகம் போட்டார். மாலைக்குள் விடை தெரிந்துவிட்டது. மழைநீரில் இருந்தது மிகவும் பெருத்திருந்தது. குழாய்நீரில் சற்றுக் குறைவு. உப்புநீரில் இருந்தது ஊறிய ஜவ்வரிசியைவிடக் கொஞ்சம்தான் பெரிது. படிகத்தின் உள்ளே உப்புத்தன்மை மிகுதி, வெளியே குறைவு. அந்த வேறுபாடுதான் நீரை உள்ளே இழுக்கிறது. வெளிநீரில் உப்புச் சேரச்சேர இழுக்கும் ஆற்றல் குறைகிறது. உரங்களும் உப்புகளே. அதிலும் கால்சியம், சங்கிலிகளை இறுக்கிப் பிடித்துவிடுகிறது. அதாவது, செடிக்குத் தேவையான உணவை நிறையக் கலந்தால் படிகத்தின் நீர் குறையும். நீர் நிறைய இருந்தால் உணவு இராது. ஒரே பொருளை வைத்துக்கொண்டு இரண்டு வேலையையும் முழுமையாக வாங்க முடியவில்லை.

"இந்தச் சோதனையை யாரும்மா உங்களுக்குச் சொல்லிக்கொடுத்தாங்க?" என்று கேட்டேன்.

"பால்ல தண்ணி கலந்திருக்கான்னு கிராணி சோதிப்பாரு. நாங்க பார்த்துக்கிட்டு நிக்கிறதுதானே" என்றார்.

தீர்வையும் அம்மாவே சொன்னார். தினமும் சமையலுக்குத் தேங்காய் உரிப்பதால் நார் வீட்டிலேயே இருந்தது. அதை நன்றாக ஊறவைத்து, பலமுறை அலசி, பிய்த்து உலர்த்தினோம். பழைய பெயிண்ட் வாளியில் நாரையும் நார்த்தூளையும் நிரப்பி, அதில் வாளிக்கு ஒரு தேக்கரண்டிப் படிகத்தை மட்டும் கலந்தோம். உலர்ந்த படிகம் ஊறும்போது பல மடங்கு பெருக்கும். கைநிறையப் போட்டால் செடியையே வெளியே தள்ளிவிடும். நார் செடியைத் தாங்கியது. காற்றுக்கு இடம் விட்டது. வேரை ஒளியிலிருந்து மறைத்தது. வாரம் இருமுறை மெல்லிய உரநீர் உணவானது. படிகம் தன்னால் முடிந்த ஒரே வேலையை, தண்ணீரைப் பிடித்து வைத்துக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுக்கும் வேலையை, அமைதியாகச் செய்தது. கீழ்மாடிக்கு ஒரு சொட்டும் போகாதபடி வாளியின் அடியில் ஒரு தட்டும் வைத்தோம்.

உலகில் இப்பொருளை நன்கு அறிந்தவர்களும் இப்படித்தான் பயன்படுத்துகிறார்கள். புதுடில்லியில் உள்ள இந்திய வேளாண் ஆராய்ச்சிக் கழகம் 'பூசா ஹைட்ரோஜெல்' என்ற பொருளை உருவாக்கியது. தாவரச் செல்லுலோசை அடிப்படையாகக் கொண்ட அது, தன் எடையைப்போல் குறைந்தது 350 மடங்கு நீரை உறிஞ்சும். மழை குறைந்த நிலங்களில் ஒரு ஹெக்டருக்குச் சில கிலோகிராம் மட்டும் இடுகிறார்கள். மண்ணுக்குப் பதிலாக அல்ல. மண்ணோடு சேர்த்து, வேரின் அருகில்.

இன்னொன்றையும் அம்மா செய்தார். எதிர்வீட்டுக் குழந்தை ஒன்று தவழ்ந்து வந்து, தரையில் உருண்ட வண்ணப் படிகத்தை எடுத்து வாயருகே கொண்டுபோனதை அவர் பார்த்துவிட்டார். உடனே பறித்துவிட்டு, பொட்டலங்களையெல்லாம் அலமாரியின் மேல்தட்டில் வைத்துப் பூட்டினார். அவர் அச்சம் சரியானதே. குழந்தை விழுங்கிய படிகம் குடலுக்குள் பெருத்து அடைத்துக்கொள்ளும், உயிருக்கே ஆபத்தாகலாம். அமெரிக்காவின் நுகர்வோர் பொருள் பாதுகாப்பு ஆணையம் இதைப் பற்றி எச்சரித்திருக்கிறது. பயன்படுத்திய படிகத்தைக் கழிவுநீர்த் தொட்டியிலும் கொட்டக் கூடாது. அது குழாயை அடைத்துவிடும். மக்கிப் போகவும் நெடுங்காலம் ஆகும்.

ஆண்டின் தொடக்கத்தில், கெடாவில் மழை குறைந்து ரப்பர் மரங்கள் இலையுதிர்க்கும் பருவத்தில், அம்மாவுக்குக் கண்புரை அறுவை செய்ய வேண்டியிருந்தது. அதற்காக என் வீட்டுக்கு வந்து ஒரு வாரம் தங்க வேண்டும். தம்பிக்கோ இரவு வேலை. "செடிக்கு யாரு தண்ணி ஊத்துவா?" என்று அம்மா தயங்கினார். வாளிகளை வெயில் படாத ஓரத்திற்கு நகர்த்தி, நன்றாக நனைத்துவிட்டுக் கிளம்பினோம். ஏழு நாள் கழித்து, ஒரு கண்ணில் கறுப்புக் கண்ணாடியோடு படியேறிய அம்மா, வீட்டுக்குள் நுழையுமுன் வாளிக்குள் விரலை விட்டுப் பார்த்தார். அடிநார் இன்னும் ஈரமாக இருந்தது. கீரை வாடியிருந்ததே தவிர, சாகவில்லை. "பரவாயில்ல, உன் ஜவ்வரிசி சொன்ன வேலையைச் செஞ்சிருக்கு" என்றார்.

என் நடவடிக்கைத் தாளை நான் மாற்றி எழுதினேன். பத்து நாள் என்பது முப்பது நாள் ஆயிற்று. ஒரு குவளையில் வெறும் நீர்ப்படிகம். இன்னொன்றில் நாரும் உரநீரும் சேர்ந்த படிகம். 'மண் தேவையில்லை' என்ற முடிவை நீக்கிவிட்டு, ஒரு கேள்வியை வைத்தேன்: 'மண் செய்துவந்த எந்தெந்த வேலைகளை இங்கே நீங்கள் செய்ய வேண்டியிருந்தது?' முன்பு எழுதிய தாள் பொய் சொல்லவில்லை. செடிக்குப் பசி எடுக்கும் முன்பே சோதனையை முடித்துவிட்டது. அதையே ஒரு வகுப்பு முழுவதும் உண்மையென்று எழுதி வைத்திருக்கும் என்பதை நினைத்தால் இன்றும் கூச்சமாக இருக்கிறது.

இப்போது அம்மாவின் கதவோரத்தில் நான்கு வாளிகள் இருக்கின்றன. ஒன்றில் கறிவேப்பிலை, கோவிலில் வளர்ந்துவிட்ட அந்த மரத்தின் அடியிலிருந்து கேட்டு வாங்கி வந்த கன்று. சென்ற முறை நான் போயிருந்தபோது, கீழ்வீட்டு மலாய் அம்மையார் கறிவேப்பிலை கேட்டுப் படியேறி வந்தார். அம்மா ஒரு கொத்து ஒடித்துக் கொடுத்தார். மாலையில் ஒரு தட்டு நிறைய வாழைப்பழப் பலகாரம் மேலே வந்தது. கன்றிலிருந்து வடிந்த செம்மண் நீரைப் பற்றிச் சொல்ல வந்தவரும் அதே அம்மையார்தான்.

அவர் போனபின், என் மகன் பழைய தாளைத் தேடி எடுத்து வந்தான். மண்ணின் வேலைகள் ஐந்து என்று எழுதியிருந்த பட்டியலின் கீழே, ஆறாவது ஒன்றைச் சேர்த்துக்கொள்ளச் சொன்னார் அம்மா.

"என்ன எழுதணும் பாட்டி?"

"அக்கம்பக்கத்துக்குக் கொடுக்க ஏதாவது கையில வச்சிருக்கும்னு எழுது" என்றார்.